ஒற்றைக் கதவு அப்பீல்

அப்பீல் எழுதுவதில் கல்முனையில் என்னை அடிக்க ஆளில்லை என்று திமிரோடு திரிந்த காலம். ஐம்பதுகளில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியாரிடம் கிளாக்கராக இருந்தேன்.

மருதமுனையில் நெசவுக் கொட்டில் வைத்திருந்த முதலாளி ஒருவர் கட்டளைக் கடிதத்தோடு வந்தார். கல் சுவர், தென்னங்கிடுகுக் கூரை, ஒரே கதவு. அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே நூலுக்குச் சாயம் காய்ச்சும் அடுப்பு. நெருப்புப் பிடித்தால் உள்ளே நெய்யும் பெண்கள் வெளியே வர வழியில்லை, தெருப்பக்கம் இன்னொரு கதவு வை, இல்லாவிட்டால் கொட்டிலை மூடு என்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார். முதலாளிக்கு நெருப்பைப் பற்றிக் கவலையில்லை. இரண்டாவது கதவால் நூல் களவு போகும் என்பதுதான் அவர் பயம்.

அதை எழுத முடியுமா? தெருவைப் பார்த்துக் கதவு வைத்தால் மானம் போகும், பெண்களே வேண்டாம் என்கிறார்கள் என்று இங்கிலீசில் அழகாக எழுதினேன். பெருவிரல் அடையாளம் வாங்கக் கொட்டிலுக்குப் போனேன்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து சாயம் ஊறிய கைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு கை மட்டும் தயங்கியது. சாய அடுப்பைப் பார்க்கும் சுலைஹா ராத்தா.

"தம்பி, கதவு வைக்கச் சொல்லித்தானே இந்தக் கடதாசி?"

"ஓம் ராத்தா," என்றேன். வாசித்துக் காட்டினால் ஒருத்தியும் விரல் வைக்கமாட்டாள். அப்பீலைக் கொடுக்க நான் பிடிக்கவேண்டிய மட்டக்களப்பு பஸ்ஸும் போய்விடும்.

"அல்லாஹ் ஒங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும்," என்று விரலை வைத்தார்.

அப்பீல் வென்றது. பெண்களின் விருப்பத்தை மதித்து, அப்பீலைக் கேட்ட மட்டக்களப்புத் துரை கட்டளையைத் தள்ளினார். முதலாளி தன் கொட்டிலில் நெய்த சாரம் ஒன்றை எனக்குத் தந்தார். வெட்கமில்லாமல் உடுத்தினேன்.

அடுத்த மாதம் வறண்ட கச்சான் காற்றில், மதியம் லுஹர் தொழுகை முடிந்த நேரம், அடுப்பு நெருப்பு கூரையில் ஏறியது. இன்ஸ்பெக்டர் கதவு கேட்ட அதே இடத்தில்தான் ஆட்கள் அலவாங்கால் சுவரை இடித்தார்கள். மற்றவர்களை அந்த ஓட்டையால் வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக நின்ற ராத்தா வரவில்லை.

மரண விசாரணையில் என் அப்பீலைத் தமிழில் வாசித்தார்கள். ராத்தாவின் புருஷன், கரைவலைக்காரர், எழுந்து நின்றார்.

"கதவு வரப்போகுதெண்டு ஊட்டுக்கு வந்து சந்தோசமாச் சொன்னாளே. வேணாமெண்டா விரல் வெச்சாள்?"

விசாரணை அதிகாரி என்னைப் பார்த்து, வாசித்துக் காட்டித்தான் விரல் வாங்கினீரா என்று கேட்டார்.

"ஓம்," என்றேன்.

அப்படியே பதிந்தார்கள். ராத்தாவின் புருஷன் என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வெளியே போனார். என்னிடம் ஏதாவது கேட்டிருக்கலாம்.

இப்போது கிளாக்கர் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். வாசித்துக் காட்டிவிட்டு விரல் வாங்குங்கள். பஸ் போனால் போகட்டும், நாளைக்கும் பஸ் வரும்.