வளையம் போட்ட தென்னை

எங்கள் குடியிருப்பின் வாசலில் நின்ற தென்னையை நேற்று அறுத்துவிட்டார்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். பால் வாங்கப் போனவள் குனிந்து பார்த்தேன். அடிமரத்தின் வெட்டுமுகம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். பச்சைத் தென்னையை அறுத்தால் ஓர் இனிப்பு வாடை வருமே, தெரியுமா உங்களுக்கு? எனக்கு அதோடு ரத்த வாடையும் சேர்ந்தே வரும். பால் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்கால் பக்கம் ஒரு பள்ளியில் தாவரவியல் டீச்சராகச் சேர்ந்தேன். தண்டை பிளேடால் மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் காட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. சீவியதில் பாதி என் விரல்தான். வரிச்சிக்குடியில் ஒரு வீட்டின் பாதியில் வாடகைக்கு இருந்தேன். மறுபாதியில் வீட்டுச் சொந்தக்காரர் கலியபெருமாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் தம்பி சிங்காரவேலு. பாகம் பிரித்தபோது தென்னை தம்பிக்குப் போய்விட்டது. தலை மட்டும் அண்ணன் கூரைமேல் சாய்ந்திருந்தது. நெற்று விழுந்து ஓடு உடையும். மழை வந்தால் என் கட்டில் நனையும். “அப்பா வச்ச மரம்ண்ணே, வெட்டச் சொல்லாதீங்க” என்பார் தம்பி, மரியாதையாகத்தான்.

கலியபெருமாளின் கோபம் ஊறப்போட்ட கோபம். முன்பு அதே வேலியில் ஒரு பூவரசை அவர் சாகடித்திருந்தார். அடியில் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டார், அவ்வளவுதான். இலை சமைக்கும் சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். உள்மரம் வழியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால் கொஞ்ச காலம் பச்சையாகவே நின்றது. கீழே வேர் பட்டினி கிடந்து செத்தது, பின்னாலேயே மரமும்.

தம்பி குடும்பம் மாசி மகத்துக்குத் திருமலைராயன்பட்டினம் போயிருந்த பகலில் அதே வித்தையைத் தென்னையிடம் காட்டினார். விரல் ஆழத்துக்கு வளையம் வெட்டி, சாணியும் மண்ணும் குழைத்துப் பூசி, காய்ந்த மட்டைகளைச் சாத்திவைத்தார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. தினமும் காலையில் அண்ணாந்து பார்ப்பார்; சூரிய நமஸ்காரம் என்றல்லவா நான் நினைத்தேன். சித்திரை போனது, ஆடி போனது. மரம் புதுப் பாளை விட்டது.

ஐப்பசி மழை பூச்சைக் கரைத்தது. சிங்காரவேலு அரிவாளோடு வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தார்.

“அப்பன் கழுத்த அறுத்துட்டியேடா.”

“ஆமாடா, அறுத்தேன். என்னா பண்ணுவ?”

கலியபெருமாள் மண்வெட்டியை வீசினார். தம்பியின் காது கிழிந்து தொங்கியது. அரிவாள் வந்தபோது அண்ணன் முகத்தை மறைத்து வலது கையைத் தூக்கினார். மணிக்கட்டில் இறங்கியது. ரத்தம் பீய்ச்சிச் சுவரில் அடித்தது. தம்பி மறுபடி ஓங்கினார், கழுத்துக்கு. நான் குறுக்கே விழுந்தேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள், சேறு வழுக்கியது. அரிவாள் அந்தரத்தில் நின்றது. புடவைத் தலைப்பைக் கிழித்துக் கையை இறுக்கிக் கட்டினேன். “செத்துருவனா டீச்சர்?” என்று வண்டியில் கேட்டுக்கொண்டே வந்தார் கலியபெருமாள். அந்த ரத்தத்தைப் பார்த்த எனக்கு அவர் பிழைப்பார் என்ற நம்பிக்கையே இல்லை.

பிழைத்தார். நரம்பு அறுந்த விரல்கள் மட்டும் பிறகு அசையவே இல்லை. தம்பி ஜெயிலுக்குப் போனார். ஒரு நாள் கலியபெருமாள் வேலியோரம் நின்று கேட்டார்.

“அது ஏன் டீச்சர் சாவல?”

“தென்னைக்குப் பூவரசு மாதிரி பட்டையில வழி கெடையாதுங்க. குழாயெல்லாம் மரம் பூரா பரவிக் கெடக்கு. சுத்தி வெட்டுனா ஓரத்துல உள்ளதுதான் போவும்.”

தொங்கிய கையை இடது கையால் தூக்கிப் பார்த்தார். “அப்ப என் கை பூவரசு.”

தம்பி திரும்பி வந்தபிறகும் நெற்று அண்ணன் கூரையில்தான் விழுந்தது. ஒற்றைக் கையால் எப்படி மட்டை உரிப்பது? வேலியில் தானே பிய்த்த ஓட்டை வழியாகத் தம்பி வருவார், கடப்பாரையை நட்டு உரித்துவைப்பார், போவார். பேச்சு மட்டும் சாகும்வரை இல்லை. எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது; உள்ளே போய்விடுவேன்.

போன வருடம் வரிச்சிக்குடிக்குப் போயிருந்தேன். இரண்டு வீடும் இல்லை, வேலி இல்லை, தென்னை இல்லை. எல்லாம் ஒரே மனையாகக் கிடந்தது. கூட வந்த மகள், “எந்த இடத்துலம்மா பாகம் பிரிச்சாங்க?” என்று கேட்டாள். அங்கேயும் இங்கேயும் நடந்து பார்த்தேன். என்னால் காட்ட முடியவில்லை.