மேலே இருக்கிறார் பாஸ்கர்!

போன கிருத்திகை அன்று காலை, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெசேஜ்.

"மேல இருக்கேன். சூப்பரா இருக்குது. எறங்கவே மனசு வரல."

அனுப்பியவர் பாஸ்கர். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவர். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன்?

எங்களுடையது பைபோலார் உள்ளவர்களின் குழு. மனசு ஒரு சீசனில் காற்றாடியாகப் பறக்கும்; இன்னொரு சீசனில் எழுந்து பல் தேய்க்கவே தெம்பு இருக்காது. சனிக்கிழமைதோறும் திருத்தணியில் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். சென்னையிலிருந்து ரயிலில் வரும் கவுன்சிலர் மேடத்தின் முதல் கேள்வி – "இந்த வாரம் மேலயா, கீழயா?" பறந்தால் மேலே. படுத்தால் கீழே. அதுவே எங்கள் பாஷையாகிவிட்டது.

போன முறை 'மேலே' போனபோது பாஸ்கர் நாள்கணக்கில் தூங்கவில்லை. தெருவுக்கே பெயின்ட் அடித்தார். எதிர்வீட்டு எருமைக்கும் ஒரு கோட்! மனைவி சுஜாதா தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். போன மாதம்தான் திரும்பி வந்தார் – இன்னொரு தடவை இப்படி ஆனால் வரவே மாட்டேன் என்ற கண்டிஷனோடு.

பாஸ்கருக்கு போன் அடித்தேன். நாட் ரீச்சபிள். அவசரக்குடுக்கை நான் சும்மா இருப்பேனா? சுஜாதாவுக்கே அடித்து, மெசேஜைப் படித்துக் காட்டினேன்.

"மலைக்குப் போறேன்னுதான் பஸ் ஏறினாருண்ணா..."

மலை! திருத்தணியில் 'மேலே' என்றால் முருகன் கோயில் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியவில்லை... ஆனால் சுஜாதாவுக்கு அதற்குள் பயம் பிடித்துவிட்டது. மலைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றேன். "இருங்கண்ணா, நானும் வரேன்."

மலைமேல் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்தோம். மொட்டைத் தலை, சந்தனம், கையில் புளியோதரை, வாயெல்லாம் பல். எனக்கு மறுபடி அதே சந்தேகம் – எங்கள் பாஷை 'மேலே'தானோ?

"பாவா, எதுக்கு இந்த மொட்டை?" சுஜாதா அவர் தலையைத் தடவிப் பார்த்தார்.

"நீ வூட்டுக்கு வந்துட்டா போடறேன்னு வேண்டிகினேன்."

அதோடு நான் விடுவேனா? "நேத்து தூங்கினீங்களா பாஸ்கர்?"

பதில் சுஜாதாவிடமிருந்து வந்தது. "ஆங், நல்லா தூங்கினாரு! விடிய விடிய கொறட்ட வுட்டுகினு... நான்தான் கண்ணே மூடல." சொல்லிவிட்டு அழுதார். அழுதுகொண்டே புளியோதரையைப் பிடுங்கிச் சாப்பிட்டார்.

எங்கள் பாடு இதுதான். கொஞ்சம் வாய்விட்டுச் சிரித்தால் போதும், "மாத்திரை போட்டியா?" என்பார்கள். அப்படிக் கேட்கிற கும்பலில் இப்போது நானும் ஒருத்தன். வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னோம். மேலே, கீழே எல்லாம் வாபஸ். இப்போது முதல் கேள்வியே வேறு...

"கொறட்டை வந்துச்சா?"