பெலெட் அடுப்பின் மேல் வைத்த பால்

வீடு வீடாய் அடுப்பு பூட்டுகிறவனுக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு முதல் வருசமே வந்துவிடும், பொறுமை கடைசிவரை வராது.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில், அறையைச் சூடாக்கும் அடுப்புகள் விற்கிற கடையில் பதினொரு குளிர்காலமாக வேலை செய்கிறேன். இதுவரை வீடுகளில் பொருத்திப் பூட்டியது முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆட்களோடு கதைப்பது என் வேலையில்லை, எனக்குக் கூச்சமும்கூட. ஆனால் தமிழ் ஆட்கள் வந்தால் முதலாளி என்னைத்தான் முன்னால் தள்ளுவார். வாடிக்கையாளரிடம் அகப்பட்டு அல்லற்படுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லி ஆறுகிறேன்.

பச்சை விறகு

போன ஐப்பசியில் ராணி அக்காவும் அவருடைய கணவர் குலம் அண்ணையும் கடைக்கு வந்தார்கள். மகளுக்கு ஆறு கிழமையில் பிள்ளை பிறக்க இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தாய் வீட்டுக்குத்தான் வருவாள். அவளுக்கு ஒதுக்கிய பின் அறையோ பதினைந்து பாகைக்கு மேல் சூடு ஏறாத அறை.

அண்ணை விறகு அடுப்புத்தான் வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் செர்ரி மரம் ஒன்றைத் தறித்து, விறகைச் சும்மா கொடுத்திருந்தார். நான் ஈரம் அளக்கிற கருவியோடு போய்ப் பத்துத் துண்டுகளைப் பிளந்து அளந்தேன். நூற்றுக்கு இருபது வீதத்துக்குள் இருக்கவேண்டிய ஈரம், ஒன்றில்கூட நாற்பதுக்குக் கீழே இல்லை. இரண்டு வருசம் காயவேண்டும் என்றேன். அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா சொன்னார்: "நல்லதாப் போச்சு. அதுக்குள்ள பேரப்பிள்ளை நடந்துபோய்த் தானே விறகு எடுத்துப் போடும்."

நாலு சனிக்கிழமை

பெலெட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சி. பையை மேலே கொட்டிவிட்டால் அடுப்பு தானாக எடுத்து எரிக்கும். அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. முதல் சனிக்கிழமை அண்ணை கடையில் எரிந்த அடுப்பில் காதை வைத்து விசிறிச் சத்தம் கேட்டார். மின்சாரம் போனால் என்ன செய்வது, பதினைந்து கிலோப் பையை ஆர் தூக்குவது என்று மொத்தம் பதினேழு கேள்விகள். அடுத்த சனிக்கிழமையும் வந்து முதலாவது கேள்வியிலிருந்தே தொடங்கினார். அதற்கடுத்த சனியும் அப்படியே.

நாலாவது சனியன்று பிள்ளை பிறக்க மூன்று கிழமைதான் இருந்தது. அக்கா பேனையைப் பறித்துக் கையெழுத்து வைத்தார். அண்ணை என்னைப் பார்த்து, "சரி, வாங்குவம். ஆனால் இந்த முடிவில எனக்குப் பங்கில்லை எண்டு கீழ ஒரு வரி எழுதிவிடுங்கோ" என்றார்.

ராகு காலம்

பூட்டிய அடுப்பைப் புகைபோக்கிப் பரிசோதகர் பார்த்துச் சரி சொல்லாமல் இங்கே கொளுத்த ஏலாது. பிள்ளை திங்கட்கிழமை பிறந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறது. பரிசோதகர் வர எங்களுக்குக் கிடைத்த ஒரே டெர்மின், அதாவது குறித்த நேரம், வியாழன் இரண்டு மணி. அது ராகு காலம், மாற்றச் சொல்லுங்கோ என்று அக்கா பிடிவாதம். மூன்று தரம் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். மாறவில்லை.

பரிசோதகர் ஓர் இளம்பெண். சரியாக இரண்டு மணிக்கு வந்தார். அக்கா ஏன் முகம் கொடுக்கிறாரில்லை என்று கேட்டார். சொன்னேன். அடுப்பைப் பார்த்துச் சரி எழுதிக்கொண்டே அவர் ஜெர்மனில் சொன்னது இது: "புகைபோக்கிக்காரர் கறுப்பு உடுப்போடு வாசலில் நின்றாலே இந்த நாட்டில் நல்ல நேரம்தான் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்."

பால்

வெள்ளி காலை ஒன்பதுக்கு அடுப்பைக் கொளுத்தினேன். அறை இருபத்திரண்டு பாகைக்கு வந்தது. அக்கா புதுச் சட்டியில் பால் ஊற்றி அடுப்பின் மேல் வைத்தார். பால் பொங்கிய பிறகுதான் பிள்ளை உள்ளே வரவேண்டுமாம், அதுவும் பத்தரைக்குத் தொடங்கும் ராகு காலத்துக்கு முன்னம். பெலெட் அடுப்பு சூட்டை முன்பக்கமாக ஊதும், மேல்தட்டு அப்படிச் சுடாது. பால் வைக்கப்போவதாக அந்த நாலு சனிக்கிழமையும் எவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

நாற்பது நிமிடம் கழித்துப் பாலின் சூட்டை அளந்தேன், நாற்பத்தெட்டு பாகை. வெளியே மூன்று பாகைக் குளிரில், நிறுத்திய காருக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மகளும் பிள்ளையும். குசினியில் சமைக்கிற அடுப்பில் காய்ச்சுவோமா என்று கேட்டேன். அது பழைய அடுப்பு, சரிவராது என்றார் அக்கா. "விறகெண்டால் இதுக்குள்ள மூண்டு தரம் பொங்கியிருக்கும்," என்றார் அண்ணை. அறையைச் சூடாக்கியது ஆருக்கு என்று நினைத்தபடி அடுப்பை இன்னும் ஒரு படி கூட்டினேன்.

பத்து முப்பத்திரண்டுக்கு மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "எனக்கு இனி இருக்க ஏலாது அம்மா. இவனுக்குக் கால் விறைக்குது." நேரே அடுப்புக்கு முன்னால் இருந்துவிட்டாள். அக்கா சட்டியைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு குனிந்து பிள்ளையின் பாதங்களைக் கைக்குள் பொத்தினார். நான் திறந்த கதவடியில் நின்றேன். அக்கா திரும்பாமலே சொன்னார்: "என்ன தம்பி பாத்துக்கொண்டு நிக்கிறியள், கதவைச் சாத்துங்கோ, சூடெல்லாம் போகுது."

இப்போது அடுப்புக் கேட்டு வருகிற தமிழ் ஆட்களிடம் விறகா பெலெட்டா என்று நான் கேட்பதில்லை, அதற்கு மேலே என்ன வைக்கப்போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.