ஒட்டிக்கொண்ட சர்க்கரை

பேக்கரியில் கேக்குகளுக்கு க்ரீம் பூசுவது அவள் வேலை. சர்க்கரை நோய் வந்ததிலிருந்து இனிப்பை வாயில் வைத்ததில்லை. வீட்டில் விரலைக் குத்திப் பார்த்தால் அளவு சரியாகவே இருந்தது. ஆனால் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையில் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"தேன் எடுக்கிறவ புறங்கையை நக்காம இருப்பாளா?" என்றான் கணவன். வேலை முடிந்து வந்ததும் போலீஸ்காரனைப் போல வாயை ஊதச் சொன்னான். நாளடைவில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன்னையறியாமல் விரலை நக்கிவிடுகிறோமோ என்று பயந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு க்ரீம் பூசினாள்.

கடைசியில் டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று பரிசோதனையும் சொன்னது.

"ரத்தத்துல ஹீமோகுளோபின்னு ஒரு புரதம் இருக்கு. நாளாக ஆக அதுமேல சர்க்கரை ஒட்டிக்கிட்டே வரும். அந்த மூணு மாசப் பரிசோதனை அதைத்தான் அளக்குது. இரும்பு குறைஞ்சா புது ரத்த அணு கம்மி, பழசுதான் அதிகமா சுத்தும். அதான் அளவு ஏறித் தெரியுது. இவங்க திருடித் திங்கல," என்றார் கணவனிடம்.

சில மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டதும் அளவு இறங்கியது. "அந்த டாக்டரும் உங்க கடையிலதானே கேக் வாங்குறாரு?" என்று முணுமுணுத்தான் கணவன். தன்மேல் தனக்கிருந்த சந்தேகம் தீர்ந்ததே அவளுக்குப் போதுமாயிருந்தது.