லாபம், ரெண்டு, மூணு: ஆவுடையார்கோவில் பக்கம் நெல் அளந்த அன்னைக்கு

போன மாசியில ஆவுடையார்கோவில் பக்கம் என் மாமியார் ஊருக்குப் போயிட்டு வந்தேன். வருஷா வருஷம் அறுப்பு முடிஞ்சதும் பொண்ணு வீட்டுக்குன்னு நெல் அளந்து குடுப்பாங்க. பொண்ணு, அதாவது என் மனைவி செல்வி, ஐப்பசியில இறந்துட்டா. இனிமே அளக்க வேணாம்னு சொல்லிட்டு வரணும். போன்ல சொல்ல வாய் வரல.

சென்னையில இருந்து நைட் பஸ், 650 ரூபாய். காலையில அஞ்சரைக்குப் புதுக்கோட்டை. அங்கருந்து அறந்தாங்கி ஒரு மணி நேரம். அங்க பஸ் மாறினா ஆவுடையார்கோவில் 14 கிலோமீட்டர். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுல இட்லி சாப்பிட்டேன். எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க, தெரியல.

ஊருக்கு ஆட்டோ 150 கேட்டார். யார் வீடுன்னு சொன்னதும் திரும்பிப் பாத்தார். "அந்த வீட்டு மாப்புள்ளையா? அப்ப நூத்தி இருவது குடுங்க, ஏறுங்க."

இப்ப அறுப்புக்கு மெஷின், விக்கிறதுக்கு எடைமேடை. வீட்டுக்கு எடுக்கிற நெல்லை மட்டும் இன்னும் மரக்கால்லதான் அளக்குறாங்க. அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. லாபம், ரெண்டு, மூணுன்னுதான் போகும். வேற ஊர்லயும் இது உண்டு. ஆனா செல்வி குக்கர் விசிலையே அப்படித்தான் எண்ணுவா. மொத விசில் வந்தா சமையக்கட்டுல இருந்து "லாபம்!"னு சத்தம் வரும். நான் சாஃப்ட்வேர்காரன். "நாங்க ஜீரோவுல ஆரம்பிப்போம்"னு சொல்லுவேன். "அதான் ஒங்க கம்பெனி அப்படி இருக்கு"ம்பா.

களத்துல அத்தை மரக்காலோட நின்னாங்க. கொழுந்தியா கவிதா சாக்கை விரிச்சுப் பிடிச்சா. அத்தை என்னைப் பாத்து, "நீங்க எண்ணுங்க மாப்புள்ள"ன்னாங்க.

மரக்கால் நெறைஞ்சுச்சு. நான் "ஒண்ணு"ன்னுட்டேன்.

அத்தை சாக்குல கொட்டல. அப்படியே குவியல்ல திருப்பிக் கொட்டினாங்க.

"மச்சான், இது என்ன ரேஷன் கடையா?"ன்னு கவிதா சிரிச்சா. "எங்க அக்கா இத்தனை வருஷமா என்னத்தைத்தான் சொல்லிக் குடுத்துச்சு?"

அப்பத்தான் சொன்னேன். "இனிமே வேணாம் அத்தை. நான் ஒருத்தன்தானே."

கவிதா சிரிப்பை நிறுத்திட்டா. அத்தை குனிஞ்சு மறுபடி மரக்காலை நெறைச்சாங்க. "ஒண்ணு, ஒருத்தன்கிற வார்த்தையத்தான் களத்துல சொல்லக்கூடாதுங்கிறேன்"னாங்க. கொட்டாம, மரக்காலைக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னாங்க. நான் சொல்ற வரைக்கும் கொட்ட மாட்டாங்கன்னு புரிஞ்சுச்சு.

"லாபம்"னேன்.

கொட்டினாங்க. அப்புறம் ரெண்டு, மூணு எல்லாம் தானா வந்துச்சு.

அந்தப் பக்கம் போறவங்களுக்கு: கோயிலைப் பாக்க அரை நாளாவது வேணும், மத்தியானம் நடை சாத்திடுவாங்க. அறுப்பு பாக்கணும்னா தை, மாசி. களத்துல ஓரமா நின்னு பாருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நெல் மூட்டையோட திரும்புறதா இருந்தா அங்கயே மில்லுல அரைச்சு அரிசியா எடுத்துட்டு வாங்க. பஸ்ல லக்கேஜ் டிக்கெட் போடுவாங்க.

கெளம்பும்போது, "இவ்வளவு அரிசி அடுத்த மாசிக்குள்ள தீராது அத்தை"ன்னேன்.

"தீரலைன்னாலும் வாங்க"ன்னாங்க.