பின்சீட்டில் ஆள் ஏற ஒரு டயர்

டயர் விற்கிறவனின் பெரிய கஷ்டம், டயர் வாங்க யாரும் தனியாக வருவதில்லை என்பதுதான். பைக் வைத்திருப்பவர் ஒருவர் வருவார். அவருக்குப் புத்தி சொல்ல இன்னொருவர் வருவார். அந்தப் புத்தி பிழை என்று சொல்ல மூன்றாமவர் ரோட்டில் போகிறவராக இருந்தாலும் இறங்கி வருவார். கடை வைத்து நொந்துபோன சகோதரர்களே, சாய்ந்தமருதில் என் கடைக்கு வந்த ஒரே ஒரு பைக்கின் கதையைச் சொல்கிறேன். கேட்டால் உங்கள் மனப்பாரம் கொஞ்சமாவது இறங்கும்.

தூரத்திலேயே கேட்கும் சேர்

ரியாஸ் சேர் அக்கரைப்பற்றில் கணிதம் படிப்பிக்கிற வாத்தியார். அவரிடம் உயரமான ட்ரெயில் பைக் ஒன்று இருக்கிறது. காட்டுக்கும் போகலாம், ரோட்டுக்கும் போகலாம் என்று சொல்லி விற்பார்களே, அந்த வகை. முன்சில்லு, அதாவது முன்சக்கரம், பெரிசு, டயரெல்லாம் கட்டை கட்டையாகப் பற்கள். சேர் போவதோ தார் போட்டு வழுவழுத்த காபட் வீதியில். அந்தப் பற்கள் ரோட்டில் போடுகிற இரைச்சலில், சேர் பள்ளிவாசலடியில் வரும்போதே என் கடையில் பேச்சு நின்றுவிடும். நெல் வெட்டுகிற மெஷின் வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

பல் டயர் சேற்றைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் நனைந்த காபட் வீதி அதற்கு ஆகாது. ஒரு வெள்ளிக்கிழமை, தூறல் வேறு, ஜும்ஆ முடிந்து சனம் வெளியே வருகிற நேரம். பின்னால் சேருடைய மனைவி ஹஸீனா, அவர் மடியில் ராத்தா, அதாவது அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகிற இனிப்பு வட்டிலப்பம். வளைவில் பைக் வழுக்கி எல்லாமே ரோட்டில். யாருக்கும் பெரிய அடியில்லை, அல்ஹம்துலில்லாஹ். வட்டிலப்பம்தான் தேறவில்லை.

அன்றிலிருந்து ஹஸீனா அந்தப் பைக்கில் ஏறுவதில்லை. எங்கே போனாலும் ஓட்டோதான். சேர் அந்த ஓட்டோவுக்குப் பின்னாலேயே பைக்கில் போவார். ஊர் சும்மா இருக்குமா? இரண்டு பேருக்கும் கதை பேச்சே இல்லையாம் என்று பரப்பிவிட்டார்கள். மனுசன் வாடிப்போய்க் கடைக்கு வந்தார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. சேர் என்னைக் கூப்பிடுவது காக்கா, அதாவது அண்ணன் என்று.

"காக்கா, ஹஸீனா பின்னால ஏறுற மாதிரி ஒரு டயரப் போட்டுத் தாங்க. இல்லாட்டி ஓட்டோவுக்குக் காவல் போயே நான் மௌத்தாகிருவன்."

மச்சினன் காட்டிய படம்

நான் சொன்ன வைத்தியம் இதுதான். ஓட்டம் ரோட்டில் என்றால் அந்தப் பெரிய முன்சில்லை மறந்துவிட வேண்டும், அந்த அளவுக்கு நல்ல ரோட் டயர் இந்தப் பக்கம் கிடைப்பது அரிது. முன்னும் பின்னும் பதினேழு அங்குலச் சில்லு போட்டால் விரும்பின டயர் போடலாம். பைக்கும் கொஞ்சம் பதிந்து உயரம் குறையும், ஹஸீனா ஏறவும் சுகம்.

சேர் தலையாட்டினார். கூட வந்த மச்சினன் சஜாத், ஹஸீனாவின் தம்பி, ஆட்டவில்லை. போனில் ஒரு படத்தைக் காட்டினான். எந்த நாட்டுப் பைக்கோ தெரியாது, பின்டயர் தலையணை மாதிரி இருந்தது. அதுதான் வேணுமாம், அகலம் கூடினால் பிடிப்பும் கூடுமாம். பைக்குக்கென்று ஓர் அளவு உண்டு, அதற்கு மேல் போனால் வளைவில் திருப்பவே பாரமாக இருக்கும் என்றேன். கேட்டால்தானே? வாய் வலித்துப்போய், கடையில் கிடந்த ஓர் அகல டயரைப் போட்டே காட்டினேன். டயரின் ஓரம் போய்ச் சங்கிலியில் உரசிக்கொண்டு நின்றது. சஜாத் குந்தியிருந்து அதை நன்றாகப் பார்த்தான். இனியாவது விளங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

"அப்ப சங்கிலியக் கொஞ்சம் அங்கால தள்ளிக் கட்டேலாதா காக்கா?"

போடியார் வந்தார்

எங்கள் பக்கம் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் போய் இருப்பார். மாப்பிள்ளையோடு பைக்கும் போகும். போன பைக் பிறகு மாப்பிள்ளையுடையது மட்டுமல்ல, அந்த வீட்டுடையது. இதை நான் யோசிக்கவில்லை. சரியான அளவில் ரோட் டயர் எடுத்துச் சில்லும் கட்டி முடித்த பிறகு, சேருடைய மாமனார் வந்து கதிரையில் உட்கார்ந்தார். இறக்காமத்தில் ஏக்கர் கணக்கில் சொந்த வயல் செய்கிற போடியார் அவர். வெள்ளாமைக் காலத்தில் வயலுக்குக் காவல் போவது மருமகனின் பின்சீட்டில்தான்.

புது டயரை மடியில் வைத்து, குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரித் தடவிப் பார்த்தார். பல் ஒன்றும் கையில் படவில்லை. முகம் கறுத்துவிட்டது. வரம்பில் இந்த டயர் போகுமா என்றார். காய்ந்த நேரம் போகும், சேற்றில் சுத்தும், ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போகலாமே என்றேன். அது நான் சொல்லியிருக்கவே கூடாத வார்த்தை.

"தம்பி, ஆனை வரக்குள்ள நான் ரோட்டுக்கு ஓடிவந்துதானா பைக்கில ஏறணும்?"

திரும்பிப் பார்க்காத ஊர்

முடிவில் இரண்டு சோடிச் சில்லு என்று சமாதானம் ஆனது. வயலுக்குப் பல் சில்லு, ரோட்டுக்குப் புதுச் சில்லு. மாற்றிப் போடுகிற அடிமை நான். புதுச் சில்லைப் பூட்டி, புது டயர் கொஞ்சம் வழுக்கும், மெதுவாக ஓட்டி வாருங்கள் என்று சேரை அனுப்பினேன். சத்தமே இல்லாமல் போனார். கால் இரண்டும் நிலத்தில் ஊன்ற, ராசா மாதிரித் திரும்பி வந்தார். ஆனால் முகத்தில் சந்தோசத்தைக் காணோம். ஆடுதா, இழுக்குதா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லையாம்.

"சந்தி வரைக்கும் போய் வந்தன், ஒருத்தனும் திரும்பிப் பாக்கல்லயே காக்கா."

ஹஸீனா வந்த நாள்

கடைசியில், சேரும் சஜாத்தும் போடியாரும் கடையில் நின்ற ஒரு நாள், ஹஸீனாவே ஓட்டோவில் வந்து இறங்கினார். அன்றைக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. பைக் பதிந்ததால் அதன் சைட் ஸ்டேண்ட் நீளமாகப் போய்விட்டது. நிறுத்தினால் சாயாமல் நெட்டுக்கு நிற்கும், லேசாகத் தட்டினாலும் மற்றப் பக்கம் விழும். வெல்டிங் கடைக்காரர் பின்னேர அஸர் தொழுகைக்குப் போயிருந்தார், வந்து வெட்டித் தரும்வரை சுவரில் சாய்த்து வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். சஜாத் கேட்பானா? ராத்தா பார்க்கட்டும் என்று வாசலின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான்.

எல்லாரும் ஒரே நேரத்தில் ஹஸீனாவுக்கு விளங்கப்படுத்தினோம். பிடிப்பைப் பற்றிச் சேர், அகலத்தைப் பற்றிச் சஜாத், ஆனையைப் பற்றிப் போடியார், நனைந்த ரோட்டைப் பற்றி நான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "டயரப் பத்தி எனக்கென்ன காக்கா தெரியும். அண்டைக்கு ரெண்டு பேரும் விழுந்து கிடக்கக்குள்ள, இவர் எழும்பி முதல்ல பைக்கத்தான் தூக்கினவர்."

எனக்கே முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. போடியார் மருமகனைப் பார்த்தார். மருமகன் நிலத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கடல் காற்று ஒன்று அடித்தது. பைக் மெல்லத் தலையை ஆட்டி, ஹஸீனா நின்ற பக்கமே சாயத் தொடங்கியது. சேருடைய கை பழக்கத்தில் பைக்கின் பக்கம்தான் போனது. பாதி வழியில் நின்றது. திரும்பி ஹஸீனாவின் கையைப் பிடித்து அப்பால் இழுத்துக்கொண்டார்.

புதுச் சில்லோடு பைக் டமாரென்று விழுந்தது. பக்கக் கண்ணாடி நொறுங்கிச் சிதறியது. சஜாத் தலையில் கைவைத்தான். சேர் பைக்கின் பக்கம் பார்க்கவே இல்லை, பிடித்த கையை விடவும் இல்லை. ஹஸீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துபோனேன், பார்த்தால் சிரிப்பு.

"சரி, இப்ப போய் பைக்கத் தூக்குங்க. நான் ஏறணும்."

இப்போதெல்லாம் விழுந்த பைக்கோடு எந்தக் கணவன் வந்தாலும், டயர் என்ன அளவு என்று கேட்பதற்கு முன்னால், யாரை முதலில் தூக்கினீர்கள் என்று கேட்டுவிடுகிறேன்.