பெரியப்பாவின் போர்வை

எங்கள் வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. வரவேற்பறைச் சுவரைப் பார்த்தால் போதும். அப்பப்பாவின் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலையும் சின்னதாய் ஒரு சிவப்பு மின்குமிழும் இருந்தன. அப்பம்மாவின் படத்துக்கும் அப்படியே. பெரியப்பாவின் படத்துக்கு மாலையும் இல்லை, குமிழும் இல்லை. ஆகவே அவர் இருக்கிறார். ஒன்பது வயதில் என் அறிவு இவ்வளவுதான்.

பெரியப்பா அப்பாவின் மூத்த அண்ணன். ஊரில் நடந்த சண்டையின் கடைசிக் கிழமைகளில், ஒரு மே மாதம், சனத்தோடு சனமாக நடந்து வந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போத்தலோடு போனவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. பெரியம்மா எங்கெங்கோ அலைந்து மொன்றியல் வந்து, லாசாலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் என் அறையில் இரண்டாவது கட்டிலைப் பிடித்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் கண்ணாடிக்கு முன் நின்று குங்குமப் பொட்டு வைப்பார். வைத்தபின் ஒரு நொடி தள்ளி நின்று, அது நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பார். பெரியப்பாவின் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுக்கக்கூடாது என்று எனக்கு ஒருவரும் சொன்னதும் இல்லை.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் சித்தப்பா சூலு இனத்துப் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் பிரெஞ்சு வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்கள். பிரெஞ்சு இருவருக்கும் ஏறவில்லை; மற்றது நன்றாக ஏறிவிட்டது. சின்னம்மாவின் ஊர் தென்னாபிரிக்காவில், டர்பனிலிருந்து உள்ளே மூன்று மணித்தியாலம். அவர்களுடைய வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்கு மாடு கொடுக்க வேண்டும் என்று தெரிந்ததும் அப்பா திகைத்துப்போனார். "ஆம்பிளைப் பிள்ளையின்ரை பக்கம் நாங்கள் குடுக்கிறதோ? இதென்ன தலைகீழ்ச் சங்கதி?" என்றார். அம்மா பெண்பிள்ளை பெற்றவர். சீதனம் கேட்காத இந்தச் சனம்தான் உலகத்திலேயே நாகரிகமான சனம் என்று அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாடு என்பது இப்போது பேச்சுக்குத்தான். ஆறு மாதம் தொலைபேசியில் பேசி, வங்கி வழியாக எல்லாம் முடிந்தது.

கலியாணம் கோயிலில் நடந்தது. அடுத்த சனிக்கிழமை சின்னம்மா தன் பக்கச் சடங்கைச் செய்ய விரும்பினார். மணப்பெண் மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவருக்கும் போர்வை கொடுப்பது அவர்களின் வழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் பாயில் வந்து உட்கார வேண்டும், போர்வையைப் போர்த்துவார்கள், எழும்பி ஓர் ஆட்டம் ஆட வேண்டும். செத்தவர்களுக்கும் போர்வை உண்டு. அவர்களும் குடும்பம்தானே, விட்டுவிட்டால் மனம் நோகாதா என்று சின்னம்மா கேட்டார். செத்தவருடையதை அவருக்காக இன்னொருவர் போர்த்திக்கொள்வார். உயிரோடு இருப்பவருடையதை மட்டும் வேறு யாரும் போர்க்கக்கூடாது.

இதற்கு ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும். மூத்தவரிலிருந்து இறங்கு வரிசை, செத்தவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். சித்தப்பாவிடம் கேட்டால், "பேந்து எழுதித் தாறன்" என்று இரண்டு கிழமையாக இழுத்துக்கொண்டிருந்தார். சோம்பேறி என்று நானும் நினைத்தேன். கடைசியில் சின்னம்மா என்னிடம் வந்தார். வீட்டில் ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றும் ஓடுகிற வாய் என்னுடையதுதான். அந்தத் திமிரும் எனக்கு நிறையவே இருந்தது. சுவரைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்பப்பாவுக்கு நட்சத்திரம், அப்பம்மாவுக்கு நட்சத்திரம். மூன்றாவதாகப் பெரியப்பா, நட்சத்திரம் இல்லாமல்.

சடங்கு எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். டர்பனிலிருந்து சின்னம்மாவின் மாமி, அதாவது அவருடைய அப்பாவின் அக்கா, வந்திருந்தார். போர்வைகளைக் காற்றுப்போக உறிஞ்சி அப்பளமாய் ஆக்கிப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்திருந்தார். தன் காலத்தில் மணப்பெண்ணின் சகோதரிகள் இதையெல்லாம் தலையில் சுமந்து ஊர்வலமாக வந்தார்களாம், இப்போது விமானக்காரன் நிறுத்துப் பார்த்துக் கழிக்கச் சொல்கிறானாம். புல்லில் பின்னிய பாயை விரித்தார்கள். எங்கள் பெயர்கள் அந்த அம்மாவின் வாயில் நுழையாதே என்று, கூப்பிடும் வேலையும் எனக்கே வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அப்பப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்காக அப்பா போய் உட்கார்ந்தார், போர்த்தினார்கள். வாழ்நாளில் ஆடாத மனிதர் எழும்பி, பேருந்தில் இடம் தேடுகிறவரைப்போல இரண்டு அடி வைத்தார். மண்டபமே கைதட்டியது. அப்பம்மாவுக்காக அம்மா போர்த்திக்கொண்டார். பிறகு நான் பெரியப்பாவின் முழுப்பெயரையும் உரத்துக் கூப்பிட்டேன்.

ஒருவரும் வரவில்லை. கைதட்டல் நின்றது. கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் உரத்துக் கூப்பிட்டேன். மூன்றாம் தரமும் கூப்பிட்டேன். சித்தப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா அடிக்குரலில், "விடு பிள்ளை. அடுத்த பேரைக் கூப்பிடு" என்றார்.

மாமி விடவில்லை. மூத்தவரைத் தாண்டி இளையவருக்குக் கொடுக்க முடியாது என்றார். அவர் பிந்தி வருவாரா, அல்லது அவருக்காக யாராவது போர்த்திக்கொள்வாரா என்று கேட்டார். மகா கெட்டிக்காரியான நான் அதை அப்படியே தமிழில் சபைக்கு அறிவித்தேன். ஐயோ, அந்த வாயை அப்போது யாராவது பொத்தியிருக்கக்கூடாதா!

பெரியம்மா எழும்பினார். பாய்க்கு அருகில் வந்தார், உட்காரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"எனக்குப் போர்க்க வேண்டாமெண்டு சொல்லு. இது அவரின்ரை. அவர் வந்து போர்ப்பார். நான் வைச்சிருக்கிறன்."

சொன்னேன். மாமி பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு போர்வையைப் பிளாஸ்டிக் உறையோடு அந்தக் கைகளில் வைத்து, தலையைக் குனிந்தார். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

எல்லாம் முடிந்தபின் மண்டபத்துச் சமையலறையில் பெரியம்மா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். சின்னம்மா அழுத கண்களோடு வந்து நின்றார். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று சொல்லச் சொன்னார்.

"நீர் என்ன செய்வீர், பிள்ளை. என்னட்டை ஒரு வார்த்தை கேக்காமலிருந்தது எங்கடை ஆக்கள்" என்றார் பெரியம்மா. கோபமாகச் சொன்னமாதிரித் தெரியவில்லை.

சின்னம்மா துவாயை எடுத்துக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே பேசினார். அவருடைய அப்பாவுக்கும் ஓர் அண்ணன் இருந்தாராம். அந்தக் காலத்தில் ஆண்கள் எல்லோரும் ஜொகான்னஸ்பேர்க் பக்கம் தங்கச் சுரங்கத்துக்குப் போவார்களாம், வருடத்தில் ஒருமுறை மார்கழியில் நத்தார் பண்டிகைக்கு வருவார்களாம். பெண்கள் தனியே வீட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். அந்த அண்ணன் ஒரு நத்தாருக்கு வரவில்லை. அடுத்த நத்தாருக்கும் வரவில்லை. வீட்டில் நடந்த ஒவ்வொரு கலியாணத்திலும் அவருக்கு ஒரு போர்வை வந்ததாம்.

"பேந்து?" என்றார் பெரியம்மா. கையிலிருந்த கோப்பையை அவர் வைக்கவில்லை.

அந்த அண்ணனின் மனைவி ஒன்றையும் பிரிக்காமல் வைத்திருந்தாராம். யாரும் பிரி என்று சொல்லவில்லையாம், பிரிக்காதே என்றும் சொல்லவில்லையாம். ஒருநாள் தானாகவே ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தாராம். அன்றைக்குச் சுற்றத்துப் பெண்கள் எல்லோரும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்களாம். இதை நான் ஒரு பிழையும் இல்லாமல் மொழிபெயர்த்தேன். இடையில் சிற்றுண்டித் தட்டில் மிஞ்சியிருந்த பற்றீஸ் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டதும் நினைவிருக்கிறது.

போர்வை எங்கள் அறை அலுமாரியின் மேல் ஏறியது. கடும் சிவப்பில் பெரிய சிறுத்தைப் படம் போட்டது. அதன்மேல் எனக்குத் தீராத ஆசை. ஒரு மாசி மாதம் கட்டடத்தில் வெப்பமூட்டி பழுதாகி, யன்னலின் உட்புறம் பனி படிந்தது. அந்தப் போர்வையை எடுத்துத் தரச்சொல்லி அழுதேன். பெரியம்மா தன்னுடையதை எனக்குப் போர்த்திவிட்டு, தான் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தார். இப்படியும் ஒரு கஞ்சத்தனமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று வருடம் போனது. மே மாதத்து நடுப்பகுதி. அந்த வருடம் முதலாவது நல்ல வெயில். பள்ளிக்கூடம் விட்டு ஐஸ்பழம் உருக உருகச் சூப்பிக்கொண்டு வந்தேன். வீட்டில் யன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. அறைக்குள் பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சிறுத்தைப் போர்வை கழுத்துவரை போர்த்தியிருந்தது. பிளாஸ்டிக் உறை கிழியாமல் மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தது.

"என்ன பெரியம்மா, காய்ச்சலோ?"

"ஓம் பிள்ளை. குளிருது."

பாவம், ஒரு வழியாக அதைப் பிரித்துவிட்டாரே என்று எனக்குச் சந்தோசம். காய்ச்சல் குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தேன். மறுக்காமல் வாங்கி விழுங்கினார். காய்ச்சலில் பெரியம்மா அந்தப் போர்வையைப் பிரித்துவிட்டார் என்று சின்னம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இதோ வருகிறேன் என்றார். அவர்கள் தனியாகக் குடியிருந்த லொங்குய்யிலிருந்து மெத்ரோவும் பேருந்தும் மாறி, கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கட்டிலடியில் நிலத்தில் உட்கார்ந்து, போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். வேலையால் வந்த அம்மா வாசலில் நின்று பார்த்தார். பிறகு அவரும் வந்து நிலத்தில் உட்கார்ந்தார்.

எனக்கு நல்ல கோபம். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு சூப், ஒரு மருந்து கொண்டுவராமல் இப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தால் காய்ச்சல் போய்விடுமா? நானே வெப்பமானியை எடுத்துவந்து பெரியம்மாவின் வாயில் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் காட்டவில்லை. உதறிவிட்டுத் திரும்ப வைத்தேன். மூன்றாம் முறையும் காட்டவில்லை. வெப்பமானி பழுது, புதிசு வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.